தாய்வழி வருவது தாயின் குற்றமல்ல



உயிரியல் வகுப்பில் விக்டோரியா மகாராணியின் வம்ச வரைபை நாங்கள் கீறியது நினைவிருக்கும். குருதியுறையா நோயுள்ள அவரது மகன் லியோபோல்ட் விழுந்து அடிபட்டு, 1884இல் 30 வயதில் இறந்தார். மகள்மார் அலிஸும் பியற்றிஸும் அந்நோயின் காவிகள். அலிஸின் பேரன், ரஷ்ய இளவரசன் அலெக்சி, 1904இல் அதே நோயுடன் பிறந்தான்.

பரீட்சையில் புள்ளி எடுத்தோம். ஆனால், பல் பிடுங்கிய பின் இரத்தம் நிற்காத பிள்ளையைக் காட்டி, "தாயின் குறை" என்று பெரியவர்கள் சொன்னபோது வாய்மூடி நின்றோம்.

பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றையது பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆணுக்கு ஒன்றே, அது தாயிடமிருந்து வருவது. காவியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் சாத்தியம் 50 சதவீதம். ஒவ்வொரு மகளும் காவியாகும் சாத்தியமும் அவ்வளவே. நோயுள்ள தகப்பனிடமிருந்து மகன்மாருக்கு அது போகாது. மகள்மார் எல்லோரும் காவிகளே. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நோயாளரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் அது இருந்ததில்லை.

எந்த எக்ஸைக் கொடுப்பது என்று எந்தத் தாயும் தெரிவுசெய்வதில்லை.

ஆகவே, மாமனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் மகள்மாரிடம் மறைக்காமல் சொல்வோம். சத்திரசிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் முன்னர் வைத்தியர் அதை அறியவேண்டும். காவிகளுக்கும் இரத்தப்போக்கு அதிகமாகலாம். அன்று கீறிய வரைபை இன்று எங்கள் குடும்பத்துக்குக் கீறுவோம்.