தெருவைக் காத்தல் – செட்டிநாட்டு வீடுகளை முன்வைத்து



பத்தாண்டு நிறைவு விழாவில் இலக்கியத்தை விட்டுக் கட்டடம் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். யானைமலை அடிவாரத்தில் இருப்பவர்க்கு அந்த உரிமை தானே வந்துவிடுகிறது. கி.பி. 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி, நரசிங்கப் பெருமாளுக்காக இம்மலையைக் குடைந்தான். பணி முற்றுமுன் அவன் மறைய, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவு செய்தான். 2010ஐ ஒட்டி இம்மலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தபோது, சுற்றுவட்ட மக்கள் எதிர்த்து நின்று அதைக் கைவிடச் செய்தனர். மலையைக் காக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. தெருவைக் காக்கத் தெரியுமா என்பதே என் கேள்வி.

நம் ஒத்தக்கடை வழியே செல்லும் சாலையில் மேலூரும் திருப்பத்தூரும் கடந்தால் செட்டிநாடு. தொண்ணூற்றாறு ஊர்கள் என்பது மரபு. இன்று எழுபதுக்குச் சற்று மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 1940 வரை, கடல் கடந்து ஈட்டிய பொருள் இங்கே வீடுகளாயிற்று. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. தரை ஓடு ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் குழம்பு ஊற்றி வார்க்கப்பட்டது. சுவருக்கு முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்ந்த சுண்ணாம்பு.

வியந்து பார்ப்போர் பெரும்பாலும் தூணையும் நிலைக்கதவையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். நான் பார்க்கச் சொல்வது வீட்டின் நீளத்தை. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் முடிகிறது. தலைவாசலில் நின்றால் கொல்லை வாசலின் வெளிச்சம் தெரியும். முற்றத்தில் விழும் மழைநீர் அண்டாக்களில் சேர்கிறது. மிகுந்தது வாய்க்கால்வழி ஊருணிக்குச் செல்கிறது. ஆக, அங்கே வீடு தனிப்பொருளன்று. தெருவும் வாய்க்காலும் ஊருணியும் அதன் உறுப்புகள். ஒரு வீட்டை இடித்தால் இரண்டு தெருக்கள் பல்லிழக்கின்றன.

இடிவதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் வருவாய் முறிந்தது, உண்மை. ஆயினும் பெரிய இக்கட்டு பங்கு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு ஒவ்வொன்றாக உரியவை. மூன்று தலைமுறையில் பங்காளிகள் பெருகிப் பல ஊர்களில் சிதறிவிட, ஒழுகும் ஓட்டை மாற்றுவதற்கு அனைவரும் ஒப்புவது அரிது. விற்பதற்கு ஒப்புவது எளிது. முழு வீட்டைப் பங்கிட முடியாது, மரத்தின் விலையைப் பங்கிடலாம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தூண் தனியாக, கதவு தனியாக, தாத்தாவின் படம் தனியாகக் கிடப்பதன் கணக்கு இதுதான்.

1958ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் கோயில், குகை, கல்வெட்டு என்று தனித்தனிச் சின்னங்களைக் காக்கவே எழுந்தது. குடியிருக்கும் தெருவை அது அறியாது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பெருமைதான், பட்டியல் ஓடு மாற்றாது. புதுச்சேரி வைசியாள் தெருவில் நடந்ததே எனக்கு நம்பிக்கை தருகிறது. அங்கே தமிழ் வீடுகளின் முகப்புகளும் திண்ணைகளும் உரிமையாளர் இசைவோடு வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்தத் தெருவுக்கே கிடைத்தது. ஒரு மாளிகைக்கன்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கவிஞர்களிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். திண்ணையைப் பாடாதவர் நம்மில் இல்லை. திண்ணைக்கு அப்பால் எவரும் நுழைவதில்லை. வளவு, பட்டாலை, இரட்டைவீடு போன்ற சொற்களை ஆச்சிமார் இன்னும் நாவில் வைத்திருக்கின்றனர். வட்டத்தின் பதினோராம் ஆண்டில், மாதம் ஓர் ஊராகச் சென்று, அந்தச் சொற்களை அவை குறிக்கும் இடத்தில் நின்றே எழுதிவர இயலுமா? மேலூர்ப் பேருந்து நம் வாசலில்தான் நிற்கிறது. முதல் ஊராகக் கானாடுகாத்தானை முன்மொழிகிறேன்.