நூலக வரி கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகிறோமா?

(நவம்பர் பொதுக்குழுக் கூட்டத்தில் சங்கத்தின் வாசிப்புக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட், பார்க்கிங், மெட்ரோ வாட்டர் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்கு விஷயத்தில் நம் ஆட்கள் கெட்டி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியில் நூலக வரியும் அடக்கம். ரூபாய்க்கு 10 காசு. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுதான். அதற்காகப் பல வருடம் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். வாடகைக்கு இருப்பவர்கள் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் அதையும் வாடகையில் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார்.

மெயின்டனன்ஸ் கணக்கில் நூறு ரூபாய் இடித்தால் நான்கு பேர் எழுந்து கேட்கிறோம். ஆனால் பின் தெருவில் இருக்கும் கிளை நூலகத்தில் நம் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் உறுப்பினர் என்று போய்க் கேட்டேன். பதினொரு பேர். இருப்பது 160 வீடுகள்.

ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆனவர்கள் மட்டும் நம்மில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நல்ல காரியம்தான், பெயர்ப்பலகையிலும் பெயர் ஏறியிருக்கிறது. அந்த ஐந்து பேரில் ஒருவராவது புத்தகம் எடுத்ததாகப் பதிவேட்டில் இல்லை என்று நூலகர் சிரித்துக்கொண்டே சொன்னார். பெயர்களை நான் சொல்லப்போவதில்லை.

இனி, இந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். சென்னையில் குளிர்காலம் என்றால் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைப்பது, அவ்வளவுதான். ஆனாலும் மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் சாயங்காலங்களில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. பிள்ளைகளுக்கும் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. பெரியவர்களுக்காக வாசகர் வட்டம் ஞாயிறு மாலை நூலகத்திலேயே கூடும். பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, சத்தமாக வாசிப்பது, காகிதத்தில் உருவங்கள் மடிப்பது என்று தினம் காலை இரண்டு மணி நேரம் நடத்த நூலகர் தயாராக இருக்கிறார். அவருக்கு இல்லாதது இடம்.

நூலகம் என்று பெயரே தவிர, இருப்பது ஒரே ஒரு ஹால். காலையில் கதவு திறக்கும்போதே டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து நாற்காலி பிடித்துவிடுகிறார்கள். நம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மாவின் மகளும் அங்கேதான் படிக்கிறாள். பத்துக்குப் பத்து வீட்டில் நான்கு பேருக்கு நடுவே படிக்க முடியாதவர்களுக்கு அந்த நாற்காலிதான் எல்லாம். போன கோடையில் அதே ஹாலில் கதை நேரம் ஆரம்பித்தார்கள். சின்னப் பிள்ளைகள் கதை கேட்டால் சத்தம் போடத்தானே செய்வார்கள்? மூன்றாம் நாளே நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு தரப்பிலும் தவறு இல்லை.

அதனால் நூலகர் நம்மிடம் கேட்பது இதுதான்: விடுமுறை நாட்களில் காலை 10 முதல் 12 வரை நம் பார்ட்டி ஹால் வேண்டும். புத்தகங்களை அவரே கொண்டுவருவார். நம் பிள்ளைகளோடு பின் தெருப் பிள்ளைகளும் வருவார்கள்.

இதை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்று வந்த பதில்களை எல்லோரும் படித்திருப்பீர்கள். வெளியாட்களை உள்ளே விட்டால் பாதுகாப்பு என்னாவது என்றார்கள். வரப்போவது எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். கேட்டில் பெயர் எழுதி, நம் தன்னார்வலர் ஒருவர் ஹாலுக்கு அழைத்துப் போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார். டெலிவரிக்கு ஒரு நாளில் எத்தனை பேர் மாடி வரை ஏறி வருகிறார்கள் என்று செக்யூரிட்டியின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அடுத்தது, டாய்லெட் யார் கழுவுவது என்ற கேள்வி. நியாயமான கேள்வி. பிறந்தநாள் விழாக்களுக்கு யார் கழுவுகிறார்களோ, அவருக்கே அந்த நாட்களுக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடலாம். வாசிப்புக் குழு அதை ஏற்றுக்கொள்கிறது. நம் பிள்ளைகள் மட்டும் என்றால் சம்மதம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நூலகர் சம்மதிக்க மாட்டார், நானும் கேட்கப் போவதில்லை. பின் தெருவிலும் வரி கட்டுகிறார்கள்.

என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சில புத்தகங்கள். எல்லாமே நம் கிளையில் இருப்பவை, அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முதலில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. தண்ணீர்ப் பஞ்ச காலச் சென்னையில் இரண்டு சகோதரிகளின் கதை. சின்ன நாவல். 2019இல் லாரிக்காக ராத்திரி கண்விழித்த நமக்கு உரை எதுவும் தேவைப்படாது. அவருடைய ‘ஒற்றன்’ அமெரிக்காவின் அயோவா நகரத்தில் நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதை எடுங்கள், ஊர் தெரியாமல் ஒரு மனிதன் தனியாக இருப்பது எப்படி என்று புரியும். சபாவுக்குப் போகிறவர்களுக்கு தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’. ரங்கண்ணா வரும் பக்கங்களுக்காகவே அதைப் படிக்கலாம். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நீலகிரிப் படகர்களின் வாழ்க்கை மாறிப்போனதைச் சொல்கிறது. ஊட்டிக்குக் காரை எடுக்கும் முன் படித்துவிட்டுப் போனால், பார்ப்பது வேறாக இருக்கும். நேரம் நிறைய இருக்கிறது என்பவர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்ததுதான். பிள்ளைகளுக்கு ஆயிஷா இரா.நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’. அவருடைய ‘ஆயிஷா’வைப் பெற்றோர் முதலில் படியுங்கள். கேள்வி கேட்கும் ஒரு பெண் குழந்தையின் கதை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஜனவரியில் புத்தகக் காட்சி வருகிறது. பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்கிவந்து பரணில் ஏற்றுவதற்கு முன், நூலகத்தில் எடுத்து நாற்பது பக்கம் படித்துப் பாருங்கள். பிடித்தால் வாங்குங்கள்.

உறுப்பினர் படிவம் நூலகரிடமே கிடைக்கும். முகவரிச் சான்றின் நகலை எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். ஹால் விஷயம் இந்த மாதக் கடைசி ஞாயிறு வாக்கெடுப்புக்கு வருகிறது. வீட்டுக்கு ஒரு வாக்கு. வாடகைக்கு இருப்பவர்களும் இதில் வாக்களிக்கலாம் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கதை சொல்ல முன்வரும் தாத்தா, பாட்டிகளுக்காக கேட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், பிளாக், எந்தக் கிழமை வசதி என்று எழுதுங்கள். இதுவரை நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள், இன்னும் ஆறு பேர் வேண்டும்.