கியர் கம்பை மாற்றும் முன்...



மலேசியச் சாலைகளில் மெனுவல் கியர் கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 2021ஆம் ஆண்டு இறுதியில் புதுப்பொலிவுடன் வந்த பெரோடுவா மைவியில் மெனுவல் வகையே இல்லை. ஆனாலும், 1990களின் ஹோண்டா சிவிக், புரோட்டோன் சத்திரியா போன்ற கார்களைத் தேடிப் பிடித்து வாங்கும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்கியதும் சிலருக்கு வரும் முதல் ஆசை, 'ஷார்ட் ஷிஃப்டர்' எனப்படும் கியர் கம்பைப் பொருத்துவது. விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிட்டால் பட்டறைக் கூலி மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு தவறில்லை. ஆனால், அதில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. ஒன்று கியர் பெட்டி. இன்னொன்று உயிர்.

ஷார்ட் ஷிஃப்டர் என்றால் மேலே குட்டையான கம்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாற்றம் நடப்பது கீழே. கியர் கம்பு ஒரு நெம்புகோல். நடுவில் ஒரு தாங்குபுள்ளி. மேலே கை பிடிக்கும் பகுதி. கீழே கியர் பெட்டியோடு இணையும் பகுதி. மேல்பகுதி 30 சென்டிமீட்டர், கீழ்ப்பகுதி 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே 1 சென்டிமீட்டர் நகர, கை 6 சென்டிமீட்டர் நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 7.5 சென்டிமீட்டர் ஆக்கினால் கை 4 சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும். தூரம் குறைந்தது; ஆனால் கை கொடுக்க வேண்டிய விசை ஒன்றரை மடங்கு கூடிவிட்டது. நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை.

கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் உண்டு. பற்கள் பூட்டிக்கொள்ளும் முன், சுழலும் பாகங்களின் வேகத்தை உராய்வால் சமப்படுத்துவது அவற்றின் வேலை. அதற்கு ஒரு கணம் அவகாசம் வேண்டும். கம்பு குறுகிவிட்டது என்று வேகமாக இடித்துத் தள்ளினால் அந்த வளையங்கள்தாம் தேயும். அவற்றை மாற்ற கியர் பெட்டியையே இறக்கிப் பிரிக்க வேண்டும். அப்போது ஆகும் செலவில் மிச்சம் பிடித்த கூலி எங்கோ மறைந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய காரில் கியர் கம்பு 'லொட லொட' என்று ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பு அல்ல. இணைப்புகளில் உள்ள தேய்ந்துபோன 'புஷ்'கள்தாம். புதிய புஷ் போட்டு, புதிய கிரீஸ் தடவினாலே பல கார்களில் ஆட்டம் நின்றுவிடும். முதலில் அதைச் செய்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அப்படியும் கம்பை மாற்றியே தீர வேண்டும் என்றால், காரின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1990களின் சிவிக்கில் கியர் கம்பிலிருந்து கியர் பெட்டிக்கு இரும்புத் தண்டு போகிறது. ஆகவே மேலே கைப்பிடியையும் நடுப்பெட்டியையும் கழற்றினால் மட்டும் போதாது. காரின் அடியில் படுத்துத்தான் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும்.

இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. டயர் மாற்றுவதற்காகக் காரோடு வரும் ஜாக், காரைத் தூக்க மட்டுமே. அதை நம்பி அடியில் போகக் கூடாது. சமதளமான சிமெண்டுத் தரை, சக்கரங்களுக்கு முட்டு, கையேடு காட்டும் இடங்களில் உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள், இவை இல்லாமல் அடியில் தலையை நீட்டவே கூடாது. ஸ்டாண்டில் நின்ற பிறகும் காரை ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும். புகைக்குழாய் பக்கத்திலேயே செல்வதால் அது ஆறும் வரை பொறுக்க வேண்டும். அழைத்தால் ஓடிவர வீட்டில் ஒருவர் இருப்பதும் அவசியம்.

கழற்றும் முன் ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது. கம்பைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைத் திரும்ப இறுக்கமாகப் பொருத்த வேண்டும். அலட்சியமாக விட்டால் மழைத் தண்ணீர் மட்டுமா வரும்? புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பொருத்திய பின் கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே, எஞ்சினை முடுக்காமல் எல்லாக் கியர்களையும், ரிவர்ஸையும் போட்டுப் பார்க்க வேண்டும். நீண்டுவிட்ட கீழ்முனை எதிலாவது இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கியர் முழுமையாக விழாவிட்டால் ஓடும்போது நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் நேரத்தில் அப்படி நேர்ந்தால்? ஆகவே முதல் ஓட்டம் தாமானுக்குள்ளேயே, மெதுவாக.

பிள்ளைகள் தங்கள் கையால் ஒரு வேலையைக் கற்றுக்கொள்வது நல்லதே. பெற்றோர் அதைத் தடுக்க வேண்டியதில்லை. புதுக் கியர் கம்பு வாங்கப் பணம் கேட்டு மகன் வந்து நின்றால், "ஜாக் ஸ்டாண்டு இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இல்லை என்றால், முதல் பணம் அதற்குத்தான்.