வாத்துக்குஞ்சும் வளர்ப்புத் தாயும்



சொந்த ஊரை விட்டு அயல் மாநிலங்களில் குடியேறிய நம்மவரின் இல்லங்களில் ஏதேனும் ஒரு வளர்ப்புப் பிராணி இருப்பதைப் பெரும்பாலும் காண்கிறோம். கிளியும் நாயும் எங்கும் உள்ளவை. அந்தமானில் அவற்றோடு வாத்தும் சேர்ந்துகொள்கிறது. மழையும் சேறும் மிகுந்த இத்தீவுகளுக்கு ஏற்ற பறவை அது. கறுத்த இறகும் கழுத்தின் கீழே வெண்ணிறமும் கொண்ட இவ்விடத்து நாட்டு வாத்து, 'அந்தமானி' என்னும் தனி இனமாக அண்மை ஆண்டுகளில் பதிவும் பெற்றிருக்கிறது.

நாம் வசிக்கும் சாத்தம் ஒரு பாலத்தால் பெரிய தீவோடு பிணைக்கப்பட்ட சிறு தீவு. 1789-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்ட் பிளேர் தம் முதற் குடியேற்றத்தை அமைத்தது இங்கேதான். 1883-இல் நிறுவப்பட்ட மர அறுவை ஆலையால் இதன் பெயர் வெளியுலகில் பரவியது. இங்கே குடியிருப்பவருள் மாற்றல் உத்தரவை எதிர்பார்த்து வாழ்பவர் பலர். வாத்துக்குஞ்சு வளர்ப்போர் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியதும் அந்த மாற்றல் உத்தரவைத்தான். காரணத்தைச் சொல்லுகிறோம்.

முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக்குஞ்சு, தன் கண்முன் அசைந்து ஒலி எழுப்பும் முதல் உருவத்தைத் தாயாக ஏற்றுக்கொள்கிறது. அவ்வுருவம் வாத்தாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. இங்கிலாந்தில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்பவர் கோழிக்குஞ்சுகளிடம் இதைக் கண்டு 1873-இல் எழுதினார். ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லோரன்ஸ் 1935-இல் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். 1973-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் அவரும் ஒருவர். அவர் இட்ட ஜெர்மானியப் பெயர் 'பிரேகுங்'. நாணயத்தில் முத்திரை குத்துவதைக் குறிக்கும் சொல் அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. புலியும் வில்லும் கயலும் பொறித்த மன்னர்களின் மொழியில் 'பொறித்தல்' என்ற சொல் ஆயத்தமாகவே காத்திருக்கிறது.

பொறித்தலுக்கு ஒரு காலவரையறை உண்டு. அமெரிக்காவில் எக்கார்ட் ஹெஸ் என்பவர் செய்த சோதனைகளில், பொரித்த பதின்மூன்றாவது மணியிலிருந்து பதினாறாவது மணி வரையில் அது மிக வலுவாக நிகழக் கண்டார். கண்ணுக்கு இருக்கும் பங்கு காதுக்கும் உண்டு. தாம் பொரிக்கச் செய்த காட்டு வாத்துக் குஞ்சுகள் தம்மைப் பின்தொடர வேண்டுமானால், குந்தியபடி நகர்ந்து இடைவிடாமல் 'குவாக், குவாக்' என்று கத்தவேண்டியிருந்ததாக லோரன்ஸ் எழுதுகிறார். உயர்ந்த புல் குஞ்சுகளை மறைத்துவிட்டது. வேலிக்கு அப்பால் நின்றவர்கள் கண்டதெல்லாம், தாடி வைத்த ஒரு பெரிய மனிதர் புல்வெளியில் குந்திக்கொண்டு வாத்துபோல் கத்துவதை மட்டுமே!

எல்லாப் பறவைக்கும் இவ்விதி பொருந்தாது. காக்கையின் கூட்டில் காக்கையால் ஊட்டி வளர்க்கப்படும் குயில், பருவம் வந்ததும் குயிலையே நாடிச் செல்கிறது.

வளர்ப்பு முறைக்கு வருவோம். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 32 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் தேவை; பெட்டியின் ஒரு மூலையில் மின்விளக்கைத் தொங்கவிட்டால் போதும். பிறகு வாரந்தோறும் மூன்று டிகிரி அளவில் குறைத்து வரலாம். தாயின்றி வளரும் குஞ்சு நீரில் விரைவில் நனைந்து குளிரால் விறைத்துவிடும். ஆகையால் ஆழமற்ற தட்டில், நம் கண்காணிப்பில், சிறிது நேரமே நீந்தவிட வேண்டும். ஆனால் அலகும் கண்ணும் அமிழும் அளவு குடிநீர் எப்போதும் அருகில் இருக்கவேண்டும். தீனியில் நயாசின் என்னும் உயிர்ச்சத்து குறைந்தால் கால்கள் வளையும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை மட்டும் காட்டவே கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகளும் வாத்துக்குஞ்சுகளும் மடிந்ததை ஆராய்ந்தபோதுதான் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சே வெளிப்பட்டது. ஈரக்காற்று ஓயாத இத்தீவுகளில் தீனி எளிதில் பூஞ்சை பிடிக்கும்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். கடினமானது வேறொன்று. தனித்து வளரும் குஞ்சு மனிதரைப் பிரிந்த கணமே கதறும். அக்கதறல் பிடிவாதமன்று, தாயை இழந்த குஞ்சின் அபயக்குரல். இரண்டு மூன்று குஞ்சுகளைச் சேர்த்து வளர்ப்பதே தர்மம் என்பது நம் கருத்து.

நம் அண்டை வீட்டு நண்பரின் மகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. கைவிடப்பட்ட முட்டைகளில் ஒன்றே ஒன்று பொரித்தது. அவள் பள்ளிக்குப் போகும்போது அது பாலம் வரை ஓடும். யாராவது தூக்கி வந்து சேர்க்கவேண்டும். ஆறாவது வாரத்தில் நண்பருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. மூன்று நாள் கப்பல் பயணம், அதன்பின் இரண்டாம் மாடியில் வீடு. "இதையும் கூட்டிப் போகலாம், அப்பா" என்றாள் பெண். "தண்ணீரும் தரையும் இல்லாத இடத்தில் அதற்கு என்ன சுகம், அம்மா?" என்றார் அவர். அவள் மேற்கொண்டு பேசவில்லை.

அது ஆணா பெண்ணா என்பதே அப்போது கேள்வியாயிற்று. ஜெர்மனியில் ஷுட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், காட்டு வாத்தில் ஆண்பறவை தன்னை வளர்த்த இனத்தையே பிற்காலத்தில் துணையாக நாடுவதையும், பெண்பறவையோ தன் இனத்து ஆணை இயல்பாகவே அறிந்துகொள்வதையும் காட்டினார். வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவை அக்காட்டு வாத்தின் வழிவந்தவையே. ஆணின் குரல் வளர வளரக் கம்மிப்போகும். பெண்ணின் குரல் உரத்து ஒலிக்கும். எட்டாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, குடியிருப்பு முழுதும் எழும்படி அது கத்தியது. தூக்கம் கெட்ட நாம் யாவரும் மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான்.

பக்கத்தில் வாத்துக் கூட்டம் வைத்திருந்த ஓர் அம்மையார் அதை ஏற்க இசைந்தார். முதலில் கம்பி வலைக்கு அப்பால் கூட்டத்தைப் பார்க்கவிட்டார்கள். பிறகு இரவில் மட்டும் உடன் அடைத்தார்கள். தீனி வைக்கும் வேலையை அம்மையாரே எடுத்துக்கொண்டார். அந்த வாரங்களில் கூடத்துச் சன்னலை மூடிக்கொண்டு உள்ளே அமர்ந்திருந்ததுதான் அப்பெண் செய்த பெரிய காரியம். வெளியே கேட்ட குரலுக்கு அவள் ஒருமுறையும் பதில் கொடுக்கவில்லை.

கப்பல் போய் ஐந்து மாதமாகிறது. வாத்து இப்போது கூட்டத்தோடு மேய்கிறது. ஓர் ஆண்வாத்து அதை விட்டு அகல்வதில்லை. முட்டையும் இடத் தொடங்கிவிட்டது. எல்லா வாத்துகளும் கொட்டிலில் இட, இது மட்டும் பூட்டிய வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் வந்து இடுகிறது. அம்மையார் காலையில் அங்கே போய் எடுத்துக்கொள்கிறார்.