ஏற்றுமதி மிகுந்தால் வரவு யாருக்கு?



நூறு ரூபாய்ச் சரக்கை வெளிநாட்டுக்கு விற்று எண்பது ரூபாய்ச் சரக்கை வாங்கும் நாட்டுக்கு இருபது ரூபாய் மிச்சம். இதனையே வாணிப மிகை என்பர். அந்த இருபது ரூபாய் பொன்னாகவோ, அன்னியச் செலாவணியாகவோ, பிறர் நமக்குப் பட்ட கடனாகவோ வந்து சேர வேண்டும். வந்ததா என்று கேட்பதே நம் வேலை.

வெள்ளையர் ஆண்ட இந்தியா பல்லாண்டுகள் மிகை கண்ட நாடுதான். பருத்தியும் சணலும் தேயிலையும் தோலும் கப்பலேறின. சரக்கு வாங்கிய இலண்டன் வணிகரோ தம் பவுன்களை அங்கேயே இந்தியாவுக்கான அமைச்சரிடம் கட்டி உண்டியல் பெற்றனர். அவ்வுண்டியலைக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் காட்டினால் அரசுக் கருவூலம் ரூபாய் தந்தது. அந்த ரூபாய் எது? நம் முன்னோர் கட்டிய வரி! பவுனோ கடன் வட்டிக்கும் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் இலண்டனிலேயே செலவாயிற்று. பொன்னும் வெள்ளியும் ஓரளவு வந்ததுண்டு. ஆயினும் இவ்வழியே போனது பெருந்தொகை. இதனைத் தாதாபாய் நௌரோஜி 1901-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் மடிந்த காலத்தும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது.

அண்ணல் அம்பேத்கர் இன்னும் உள்ளே சென்று பார்த்தார். ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் ஏற்றுமதி பெருகும், அது நாட்டுக்கே ஆதாயம் என்று அக்காலத்து வணிகர் வாதிட்டனர். ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-இல் அவர் வெளியிட்ட நூல் இவ்வாதத்தை மறுத்தது. ரூபாய் வீழ்ந்தால் விலைவாசி ஏறும். கூலி அவ்வேகத்தில் ஏறாது. எனவே ஏற்றுமதியாளன் பெற்ற ஆதாயம் அயல்நாட்டான் தந்ததன்று, உள்நாட்டுக் கூலியாளின் சோற்றிலிருந்து எடுத்தது. பொருளாதாரம் படித்தால் என்ன பயன் என்று கேட்கும் நம் மாணவர்கள் இந்நூலைத் தேடிப் படிக்க வேண்டும்.

1950-51 முதல் சரக்கு வாணிபத்தில் இந்தியா மிகை கண்டது 1972-73, 1976-77 ஆகிய இரண்டே ஆண்டுகளில். மற்ற ஆண்டுகளிலெல்லாம் பற்றாக்குறைதான். அதுமட்டும் கொண்டு நாடு கெட்டது எனல் ஆகாது. கடன்பட்டு வாங்கிய எந்திரம் தொழிலை வளர்க்குமாயின் அக்கடன் நற்கடனே.

ஆம்பூர், வாணியம்பாடித் தோலை எடுத்துக்கொள்வோம். அதனை விற்ற பணம் ஏற்றுமதிக் கணக்கில் ஏறுகிறது. தோல் ஆலைக் கழிவால் பாலாறும் விளைநிலமும் கெட்டதை 1996-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி இழப்பீட்டுக்கு ஆணையிட்டது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவனின் கூலியும், அவன் வீட்டுக் கிணற்று நீரும் எந்த ஏட்டில், எந்தப் பத்தியில் எழுதப்பட்டன?