பிரமிடும் பானை ஓடும்



நாம் கூடியிருக்கும் இவ்வூருக்குச் செங்காங் என்று பெயர். சீனத்தில் அதற்குச் ‘செழிப்பான துறைமுகம்’ என்பது பொருள். இன்று இங்கே அடுக்குமாடி வீடுகளும் இலகு ரயிலும் உண்டு, துறைமுகம் இல்லை. சிராங்கூன் ஆற்றங்கரையில் மீனவர் வாழ்ந்த கிராமமும் இல்லை. துறை போயிற்று, சொல் நின்றது. எகிப்தின் செங்கடற்கரையிலும் அப்படித் துறைகள் போய்ச் சில தமிழ்ச் சொற்கள் நின்றன. அவற்றைப் பற்றிப் பேசவே வந்தேன். ஆனால் பிரமிடிலிருந்து தொடங்கியாக வேண்டும். ஏனென்றால், “பிரமிடைக் கட்டியவர்கள் தமிழர்கள்தாமே ஐயா?” என்னும் வினாவை மாணவர் வாயிலாகக் கேளாத தமிழாசிரியர் இன்று அரியர். கைப்பேசியில் வலம்வரும் செய்திகள் செய்த வேலை அது.

அவ்வினாவுக்கு விடை, இல்லை என்பதே. கட்டியவர் யார் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கீசாவிலுள்ள பெரும் பிரமிடு கூஃபு என்னும் அரசனுக்காக, ஏறத்தாழக் கி.மு. 2600-ஐ ஒட்டி எழுப்பப்பட்டது. தொடக்கத்தில் அதன் உயரம் ஏறக்குறைய 146 மீட்டர். அதன் உட்புறத்தில், எவர் கண்ணிலும் படாத சிற்றறைகளின் கற்களில், ‘கூஃபுவின் நண்பர்கள்’ என்பது போன்ற வேலைக்குழுப் பெயர்கள் செந்நிற மையால் தீட்டப்பட்டுள்ளன. 1990-இல் பிரமிடுக்கு அருகே தொழிலாளர் கல்லறைகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த எலும்புகளில் முறிந்து, பின்பு செவ்வையாகக் கூடிய கைகளும் கால்களும் இருந்தன. அடிபட்டவனுக்கு மருத்துவம் நடந்திருக்கிறது. சாட்டையடிக்கு அஞ்சி உழைத்த அடிமைக் கூட்டம் என்னும் திரைப்படக் காட்சியை இவ்வெலும்புகள் ஏற்கவில்லை.

இவற்றினும் அரியதொரு சான்று பிரமிடை விட்டு வெகுதொலைவில், செங்கடற்கரையில் கிடைத்தது. வாதி அல்-ஜார்ஃப் என்னும் இடத்தில் மலையைக் குடைந்து, படகுகளை வைக்கும் கிடங்குகளாக்கியிருந்தார்கள். அக்கிடங்குகளின் வாயிலை அடைத்த பெருங்கற்களுக்கு இடையிலிருந்து, 2013-இல், பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தல்லே தலைமையிலான குழு பாப்பிரசுச் சுவடித் துண்டுகளை எடுத்தது. எழுத்துள்ள பாப்பிரசுகளுள் இன்றுவரை கிடைத்தவற்றில் இவையே மிகப் பழையவை. மெரெர் என்னும் மேற்பார்வையாளர் தம் குழுவின் அன்றாட வேலையை அவற்றில் குறித்திருக்கிறார். துரா என்னும் சுரங்கத்தில் வெண்சுண்ணாம்புக் கல் ஏற்றியது, படகில் இரவு தங்கியது, கீசாவில் இறக்கியது, மீண்டும் துராவுக்குத் திரும்பியது, இவ்வளவே. வியப்போ புகழுரையோ இல்லை. நம் பள்ளிகளில் ஆசிரியர் எழுதும் பணிக்குறிப்பேட்டைப் போன்றது அது. பிரமிடைப் பற்றிய ஆரவார நூல்கள் அனைத்தையும்விட எனக்கு அந்தச் சலிப்பூட்டும் குறிப்பேடே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

அதே செங்கடற்கரைக்குத் தமிழர் எப்போது வந்தனர்? எழுத்துச் சான்று காட்டும் காலம் கி.மு. முதல் நூற்றாண்டும் கி.பி. முதல் நூற்றாண்டும். அதாவது, பிரமிடு எழுந்து 2,500 ஆண்டுகளுக்குப் பின்னர். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசனுக்கும் நமக்கும் உள்ள தொலைவைப் போல இரண்டரை மடங்கு. அவர்களுக்கும் பிரமிடு பழம்பொருளே.

இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடலில், மூக்கினுள் மிளகு இருந்ததை ஒருவர் எடுத்துக்காட்டக்கூடும். அவன் இறந்தது கி.மு. 13-ஆம் நூற்றாண்டு. அது மிளகு சென்றதற்குச் சான்று. கொண்டு சென்றவர் யார் என்பதற்குச் சான்றன்று. பொருள் பல கை மாறிப் போகும். பானையில் தன் பெயரைக் கீறியவனோ தானே பேசுகிறான்.

குசைர் அல்-கதீம் என இன்று வழங்கும் பழைய மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள்வரை இந்தியாவுக்குச் சென்றன என்பது கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவின் கூற்று. அங்கே சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் கீறிய ஓடுகள் கிடைத்தன. தெற்கேயுள்ள பெரனிகேயில் 1995-இல் ‘கொறபூமான்’ என்ற பெயர் தாங்கிய ஓடு வந்தது. அவ்வூரின் செராப்பிசு கோயில் வளாகத்தில், இந்தியாவில் வனைந்த பெருஞ்சாடி ஒன்றினுள் ஏழரை கிலோ கருமிளகு அப்படியே இருந்தது.

தமிழாசிரியர்க்கு மிகவும் இனிக்கும் சான்று இனித்தான் வருகிறது. குசைரில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் பின்னர் நடத்திய அகழாய்வில் எடுத்த ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்து, 2007-இல் வெளியிட்டார். ஒறி என்பது உறியே. பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை. எழுத்தைப் பாருங்கள். வடக்கே பிராகிருதம் எழுதப் பயன்பட்ட பிராமியில் றகரமும் னகரமும் கிடையா. அவை தமிழுக்கென்று அமைத்துக்கொண்ட வரிவடிவங்கள். ‘பானை’யில் னகரம், ‘ஒறி’யில் றகரம். இலக்கண வகுப்பில் தந்நகரம், றன்னகரம் என்று மாணவர்களுக்கு நாம் சொல்லி அலுத்த வேறுபாடுதான், எகிப்திய மணலில் கிடந்த ஓட்டின் மொழி இன்னதென்று சொல்லிவிடுகிறது. உகரம் ஒகரமாகத் திரிந்திருப்பதால் எழுதியவனின் பேச்சுவழக்கும் ஒருவாறு காதில் விழுகிறது. அவன் அரசன் அல்லன், புலவன் அல்லன். தொங்கும் தன் பானை எதுவென்று குறித்துவைக்க நினைத்தவன்.

கணனும் சாதனும் பாலைவனம் கடந்து நைல் நதிக்குப் போய்ப் பிரமிடைக் கண்டார்களா என்று மாணவர் கேட்பர். கதை எழுத நல்ல கரு, எழுதச் சொல்லுங்கள். வரலாற்று ஏட்டில் மட்டும் அதனைச் சேர்க்க இயலாது, ஓடு அதைச் சொல்லவில்லை.

கீழ்த்திசையிலும், நமக்கு அண்மையிலேயே, இத்தகைய எழுத்து உண்டு. தென் தாய்லாந்தில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் பொற்கொல்லரின் சிறிய உரைகல் ஒன்று கிடைத்தது. ‘பெரும்பதன் கல்’ என்று அதில் தமிழ்ப் பிராமியில் பொறித்துள்ளது. காலம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. தன் கல்லைப் பிறர் எடுத்துக்கொள்ளாதிருக்கப் பெரும்பதன் பெயர் பொறித்திருக்க வேண்டும். மாணவர் தம் எழுதுகோல் பெட்டியில் பெயர் எழுதுவதும் அதற்காகத்தானே.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.