மார்பில் கட்டி கண்டால் மறைக்காதீர்!

(சுபாங் ஜெயாவில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

சம்பளத்தைப் பற்றியும், பால் விலையைப் பற்றியும், லயத்துக் கூரையைப் பற்றியும் பேசிப் பழகிய மேடை இது. இன்று நான் பேச வந்திருப்பது வேறு விஷயம். பெண்கள் தங்களுக்குள்ளேகூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயம். ஒரு பெண் தன் மார்பில் கட்டியொன்றைத் தடவிக் கண்ட நாள் முதல், "இது இன்னது" என்று டாக்டர் முடிவு சொல்லும் நாள் வரை அவள் படுகிற பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆண்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை உண்டு.

முதலில், நாம் கூடியிருக்கும் இந்த ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்று சுபாங் ஜெயா என்றால் மாடி வீடுகளும் கல்லூரிகளும் கடைத்தொகுதிகளும்தான் கண்ணுக்குத் தெரியும். 1970களுக்கு முன்னால் இது சீபீல்ட் தோட்டம். இந்த மண்ணில்தான் நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனார்கள். கித்தா மரத்தில் பால் வெட்டினார்கள். தோட்டம் போனாலும் அதன் பெயரை நம் தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் நோய் என்றால் தோட்டத்து டிரெசர்தான் கதி. மார்பில் கட்டி என்று ஒரு ஆண்பிள்ளை டிரெசரிடம் எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்? மஞ்சளை அரைத்துப் பூசினாள், முந்தானையால் மூடினாள், புண்ணாகி வீச்சம் எடுத்த பிறகுதான் பலர் வீட்டில் வெளியே தெரிந்தது.

இன்று அதே மண்ணில் 1985இல் திறக்கப்பட்ட பெரிய தனியார் மருத்துவமனை நிற்கிறது. புற்றுநோயை ஆராயும் கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற நிலையமும் இதே சுபாங் ஜெயாவில்தான் இயங்குகிறது. காலம் மாறிவிட்டது, நாம் மறைக்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. 2012 முதல் 2016 வரையிலான நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். மார்புப் புற்றுநோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 48 பேர் மூன்றாம் கட்டத்திலோ நான்காம் கட்டத்திலோதான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்!

தாய்மார்களே! உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பயம் உங்களிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்தப் பயத்தை என்ன செய்வது என்றுதான் சொல்ல வந்தேன்.

ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து குளிக்கிறாள். கை எதையோ தடுக்கிறது. சுண்டைக்காய் அளவு. அவ்வளவுதான். அன்றிரவு சோறு இறங்கவில்லை. நடுச்சாமத்தில் விழித்துக்கொள்கிறாள். பக்கத்தில் புருஷன் குறட்டை விடுகிறான். பிள்ளைகளைப் பார்க்கிறாள். "நான் போய்விட்டால் இதுகளை யார் பார்ப்பார்?" என்று பெரட்டு நேரம் வரை யோசிக்கிறாள். விடிந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் உளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறாள். இப்படியே ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருஷம். அவள் காத்திருக்கிறாள். எதற்காக? தானாகக் கரைந்து போகும் என்று காத்திருக்கிறாள்.

இன்னொரு சகோதரிக்கும் அதே கட்டி, அதே பயம். ஆனால் மறுநாளே கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் கடிதம் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது. அவளும் காத்திருக்கிறாள், அவளுக்கும் இரவில் தூக்கம் வரவில்லை. ஆனால் அவள் கையில் தேதி இருக்கிறது. முதலாமவள் நோய்க்குக் காலம் கொடுத்துக் காத்திருக்கிறாள். இரண்டாமவள் நோயைப் பிடிக்க வரிசையில் நிற்கிறாள். இரண்டையும் காத்திருப்பு என்று ஒரே பெயரால் அழைக்கிறோமே தவிர, இரண்டும் ஒன்றல்ல.

பால் வெட்டப் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும். இருட்டில் நெற்றி விளக்கோடு போகும்போது காலடியில் வளைந்து கிடப்பது பாம்பா, மரக்கிளையா? பெரும்பாலும் கிளையாகத்தான் இருக்கும். ஆனால் விளக்கைத் திருப்பிப் பார்க்காமல் யாராவது மிதிப்பார்களா? மார்புக் கட்டியும் அப்படித்தான். பத்துக் கட்டிகளில் எட்டுக்கு மேல் புற்றுநோய் அல்ல என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இளம்பெண்களுக்குக் கோலிக்குண்டுபோல் வழுக்கி ஓடும் சாதாரணச் சதைக்கட்டி வரும். சிலருக்கு மாதவிலக்குக்கு முன்னால் நீர்க்கட்டி வீங்கி வலிக்கும். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும். ஆனால் எது எது என்று கையால் தடவிச் சொல்ல நம்மால் முடியாது. பக்கத்து வீட்டு அம்மாவாலும் முடியாது, போமோவாலும் முடியாது. விளக்கு டாக்டரிடம்தான் இருக்கிறது.

"வலிக்கவே இல்லையே, அதனால் பயமில்லை" என்கிறார்கள். இது மிகவும் தவறு. மார்புப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே" என்கிறார்கள். இந்நோய் கண்ட பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அது இருந்ததில்லை. "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்கிறார்கள். ஊசிச் சோதனை நோயைப் பரப்புவதில்லை. சரியான வைத்தியத்துக்கு வழி காட்டுகிறது. கட்டி மட்டுமல்ல, தோல் குழிந்தாலும், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும், காம்பில் ஆறாத புண் இருந்தாலும், அக்குளில் கட்டி தெரிந்தாலும் உடனே காட்டுங்கள்.

போனால் என்ன செய்வார்கள்? தெரியாததால்தான் பாதிப் பயம். ஆகவே சொல்கிறேன். முதலில் டாக்டர் கையால் தடவிப் பார்ப்பார். பெண் டாக்டரோ, கூட ஒரு நர்ஸோ வேண்டும் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அடுத்து மாமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே. இளவயதினருக்குப் பெரும்பாலும் ஸ்கேன். எக்ஸ்ரேயில் சற்று அழுத்துவார்கள், சில வினாடிகள்தான். சந்தேகம் இருந்தால் மரக்கச் செய்து, ஊசியால் ஒரு சிறு துணுக்கு எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். துணுக்கின் முடிவு அன்றே வராது. "முடிவு எப்போது வரும்? யாரிடம் கேட்கவேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் தகவல் வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். பேசாமல் இருப்பதால் நல்ல முடிவு என்று நினைத்துவிடாதீர்கள்.

தேதிக்குக் காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது? நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லுங்கள். கட்டியை நாளுக்குப் பத்துத் தரம் அமுக்கிப் பார்க்காதீர்கள். அமுக்குவதால் அது சின்னதாகப் போவதில்லை, உங்கள் நெஞ்சுதான் படபடக்கும். எண்ணெய் போட்டு உருவுவதும், சுண்ணாம்பு பூசுவதும், சூடு வைப்பதும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள், வேலைக்குப் போக முடிந்தால் போங்கள். கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகளை விட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கட்டி வேகமாகப் பெருத்தாலோ, தோல் சிவந்து காய்ச்சல் அடித்தாலோ தேதிக்குக் காத்திராமல் உடனே போய்விடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பயப்படுவது கோழைத்தனம் அல்ல. பயந்துகொண்டே ஆஸ்பத்திரிப் படி ஏறுவதுதான் தைரியம்.

காசுக்கு என்ன செய்வது என்பீர்கள். நியாயமான கேள்வி. தனியார் ஆஸ்பத்திரியின் செலவு நம் சம்பளத்துக்கு எட்டாது. ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சொக்சோவில் சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கு 40 வயதானதும் இலவசப் பரிசோதனை 2013 முதல் நடக்கிறது. பெண்களுக்கு மாமோகிராமும் அதில் உண்டு. ஆனால் அது கட்டி இல்லாதவர்களுக்கான முன்சோதனை. கட்டி கண்டவர் அந்தச் சீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேரே கிளினிக்குக்குப் போகவேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்தார் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு உதவித்தொகையும் போக்குவரத்துப் பணமும் 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் உண்டு.

வேலை போய்விடுமோ என்ற பயமும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று தந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்கள் உரிமை. 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் தனியாக 60 நாள் வரை உண்டு. 2023 முதல் இது மற்ற விடுப்பில் கழியாது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

இனி ஆண்களுக்கு. கிராணிமார்களே! உங்கள் மேசைக்கு வரும் மருத்துவச் சீட்டை மூடிய வாயோடு வாங்கி வையுங்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய செய்தி ஆபீஸிலிருந்து கடைத்தெருவுக்குப் போனால், அடுத்த பத்துப் பெண்கள் கட்டியை மறைப்பார்கள். கணவன்மார்களே! "ஒன்றும் இருக்காது, போ" என்று சொல்லி அனுப்பாதீர்கள்; கூடப் போங்கள். இந்நோய் கண்டவர்களில் நூற்றில் ஒருவர் ஆண் என்பதும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்ணும் பாதி வழியில் நின்றுவிடுகிறாள் என்பதைக் கிளாங்கில் உணர்ந்தார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, டாக்டர் சொன்னது விளங்கவில்லை, வீட்டில் சம்மதமில்லை. ஆகவே 2014இல் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில், நான் முன்பு சொன்ன கேன்சர் ரிசர்ச் மலேசியாவின் துணையோடு ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். நோயாளியின் கையைப் பிடித்து அடுத்த படிக்கு அழைத்துப் போக நர்ஸும் ஊழியரும் இருப்பார்கள். தோட்டத்தில் அந்த வேலையை நாமே ஒருவருக்கொருவர் செய்ய முடியாதா? ஒருத்தி கூடப் போகட்டும். ஒருத்தி பிள்ளையைப் பார்க்கட்டும்.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். வயிற்றுக் கடுப்பு என்று நினைத்திருந்த நோய், புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தத் துயரம் அம்மையாரை விடவில்லை. 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே அங்கு கொடுத்தார். ஒரு பெண் தாமதத்தால் போனாள். அவள் அக்காள் மற்ற பெண்களுக்காக வாசலைத் திறந்து வைத்தாள்.

இன்னும் ஒரு கணக்கு. 2007 முதல் 2011 வரை நம் நாட்டில் மார்புப் புற்றுநோய் கண்டவர்களில், முதற்கட்டத்தில் கண்டவர்கள் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தார்கள். நான்காம் கட்டத்தில் கண்டவர்களோ நூற்றுக்கு 23 பேர்தான். வெட்டுப் பட்டையில் கறுப்புக் கோடு தெரிந்தால், மரம் தானாகத் தேறட்டும் என்று நாம் விடுவதில்லை. அன்றே சொல்லி மருந்து பூசுகிறோம். முதலாளியின் மரத்துக்குக் காட்டுகிற அந்த அக்கறையை நம் உடம்புக்கும் காட்டுவோம்.

தாய்மார்களே! இங்கே யாருக்காவது அப்படியொரு கட்டி இருந்தால், என்னிடம் சொல்ல வேண்டாம். நாளைக் காலை கிளினிக்கில் சொல்லுங்கள். இன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வராமல் போகலாம். நாளை இரவும் வராமல் போகலாம். ஆனால் நாளை இரவு உங்கள் கையில் ஒரு கடிதம் இருக்கும்.